பிளக் மாற்றுவதும் நாக்கிங் சத்தத்தை இனம் காண்பதும்: முழுமையான வழிகாட்டி

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். 100 சிசி வண்டியில் இரண்டு பேர் ஏறிக்கொண்டு, கியரைக் குறைக்காமல் ஆக்சிலேட்டரை மட்டும் முறுக்கினால் எஞ்சினிலிருந்து ஒரு சத்தம் வரும். தகர டப்பாவில் சில்லறைக் காசைப் போட்டுக் குலுக்கினாற்போல் கிணிகிணி என்றிருக்கும். இதைத்தான் நாக்கிங் என்கிறோம். கேட்டவுடன் பக்கத்தில் இருப்பவர் சொல்வார்: "பிளக்கு போயிருக்கும், மாத்திடுங்க."

காலம் முடிந்த பிளக்கை மாற்றத்தான் வேண்டும். ஆனால் நாக்கிங்குக்குப் பிளக் காரணமாக இருப்பது குறைவு. எஞ்சினுக்குள் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சியாக இருப்பதே அதிகம். அந்தச் சாட்சியை விசாரிக்காமல் குப்பையில் போடுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது

பிளக்கின் முனையில் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் ஒரு சிறு இடைவெளியைத் தாண்டிப் பொறியாகிறது. பொறி பட்ட இடத்திலிருந்து நெருப்பு சீராகப் பரவிப் பிஸ்டனைக் கீழே தள்ள வேண்டும். நெருப்பு வந்து சேருமுன்பே, மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாகப் பற்றிக்கொண்டால் உள்ளே அழுத்த அலை எழுந்து சுவரில் மோதும். நம் காதில் விழுவது அந்த மோதல்தான்.

தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்கும் திறனையே ஆக்டேன் எண் குறிக்கிறது. 1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி ஈயச் சேர்மத்தைப் பெட்ரோலில் கலந்தது நாக்கிங்கை அடக்கத்தான். அந்த ஈயம் காற்றில் கலந்து நஞ்சானதால், இந்தியா 2000-ல் ஈயப் பெட்ரோலை நிறுத்தியது. பிஎஸ்-6 தரப் பெட்ரோலின் ஆக்டேன் எண் குறைந்தது 91. சாதாரண 100 சிசி வண்டிக்கு இது போதும். கையேடு கேட்காதபோது விலை உயர்ந்த பெட்ரோல் போட்டு நாக்கிங்கை அடக்கப் பார்ப்பது நோயை விட்டுவிட்டு வலிக்கு மட்டும் மருந்து கொடுப்பது.

பிளக் வாங்கும்போது

உங்கள் வண்டிக் கையேட்டில் உள்ள எண்ணைக் கடைக்காரரிடம் அப்படியே சொல்லுங்கள். "மரை ஒண்ணுதான், உள்ளே போகும்" என்று வேறொன்றைக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஒவ்வொரு பிளக்கும் சூட்டை வெளியேற்றும் வேகம் வேறு. எண்ணின் கணக்கும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். என்ஜிகே பிளக்கில் எண் கூடக் கூட சூட்டை வேகமாகக் கடத்தும். சாம்பியன், பாஷ் பிளக்குகளில் நேர்மாறு. சூட்டைத் தேக்கும் தவறான பிளக் மாட்டினால் அதன் முனையே கங்காகிப் பொறிக்கு முன்னால் பெட்ரோலைப் பற்ற வைக்கும். அரிதான அந்த நேரத்தில்தான் பிளக்கே குற்றவாளி.

கழற்றுவதும் மாட்டுவதும்

தேவையானவை: வண்டியோடு வந்த பிளக் ஸ்பேனர், இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ், ஒரு துணி, சைக்கிள் பம்பு.

1. எஞ்சின் முழுக்க ஆறட்டும். ஓட்டி வந்தவுடன் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை உரிந்து வரக்கூடும். மரை போனால் செலவு பிளக் விலையைப் போலப் பல மடங்கு.

2. பிளக் கேப்பை அதன் ரப்பரைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து அல்ல.

3. பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைப் பம்பால் ஊதுங்கள். இந்த வேலையைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். அங்கிருக்கும் ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தால் சிலிண்டர் சுவரைக் கீறும்.

4. ஸ்பேனரை நேராக நுழைத்து இடப்பக்கம் திருகிக் கழற்றுங்கள். சாய்த்துத் திருகினால் பிளக்கின் பீங்கான் விரிசல்விடும்.

5. புதுப் பிளக்கின் இடைவெளியை அளந்து பாருங்கள். பல சிறு வண்டிகளுக்கு 0.8 முதல் 0.9 மி.மீ. உங்கள் கையேடு சொல்வதே இறுதி.

6. மாட்டும்போது முதலில் விரலால் மட்டும் திருகுங்கள். இரண்டு சுற்றிலேயே இறுகினால் மரை மாறி ஏறுகிறது. வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள்.

7. வாஷர் ஹெட்டில் படிந்தபின் ஸ்பேனரால் இறுக்குங்கள். புதுப் பிளக் என்றால் கடிகாரத்தின் நிமிட முள் 30 நிமிடத்தில் நகரும் தூரம், அதாவது அரைச் சுற்று. துடைத்துத் திரும்ப மாட்டும் பழைய பிளக் என்றால் 5 நிமிட தூரம் போதும், வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். பலத்தைக் காட்டும் இடம் இதுவல்ல.

கழற்றிய பிளக்கைப் படிப்பது

வெளிச்சத்தில் முனையைப் பாருங்கள். பால் கலந்த டீயின் பழுப்பு நிறம் என்றால் எஞ்சின் நலமாக இருக்கிறது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. சோக் மூடியே இருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரமாக, எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து ஆயில் மேலேறுகிறது. புதுப் பிளக் போட்டாலும் சில வாரங்களில் அதே கதைதான்.

நாக்கிங்கைத் தேடுகிறவர் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. சுண்ணாம்பு வெள்ளையாகக் கொப்புளித்த முனை, அதீதச் சூட்டின் அடையாளம். மிளகுப் பொடி தூவினாற்போலப் புள்ளிகளோ, மின்னும் அலுமினியத் துணுக்கோ, விரிசல்விட்ட பீங்கானோ தெரிந்தால் நாக்கிங் பிஸ்டனையே அரிக்கத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

எந்தச் சத்தம் நாக்கிங்

எல்லாத் தட்டல் சத்தமும் நாக்கிங் அல்ல. ஏற்றத்தில், பாரத்தோடு, ஆக்சிலேட்டர் முறுக்கும்போது கேட்டு, கியரைக் குறைத்தவுடன் மறைந்தால் அது நாக்கிங். நின்ற இடத்தில் ஐடிலிங்கிலேயே டிக் டிக் என்றால் டப்பெட் (வால்வு) இடைவெளியை மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். சங்கிலி உரசுவதுபோல் கரகரத்தால் டைமிங் செயின். காலையில் கேட்டு, எஞ்சின் சூடானதும் அடங்கும் மந்தமான தட்டல் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலான தேய்மானம். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்தால் சத்தம் பிறக்கும் இடம் தெளிவாகும்.

ஆழத்திலிருந்து டங் டங் என்று சுத்தியலடி போல் எழுந்து, வேகத்தோடு கூடினால் கனெக்டிங் ராட் பேரிங். அந்த வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோ போங்கள்.

நாக்கிங் என்று உறுதியானால்

செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். ஏற்றத்தில் கியரைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள்; பலருக்கு இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். அடுத்து ஆயில் அளவையும், சூட்டை வெளியேற்றும் எஞ்சின் ஃபின்களில் சேறு படிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பிறகு கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பரில் விரிசல் இருந்து காற்று புகுகிறதா என்று பாருங்கள். பெட்ரோல் குறைந்த கலவை சூடேறும். குறிப்பிட்ட ஒரு பங்க்கில் பெட்ரோல் போட்ட பிறகு தொடங்கியதென்றால் கலப்படமும் சந்தேகத்துக்குரியது. மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் இறங்கும். பங்க்கில் ஃபில்டர் பேப்பர் கேட்பது உங்கள் உரிமை. ஒரு சொட்டு விட்டு உலர்ந்ததும் கருத்த கறை நின்றால் பெட்ரோலில் ஏதோ கலந்திருக்கலாம்.

இவை எதுவும் இல்லையென்றால், பழைய வண்டிகளில் பிஸ்டன் தலையில் படிந்த கரியே பெரும்பாலும் காரணம். இடத்தை அடைத்து அழுத்தத்தைக் கூட்டும், கங்காகி நிற்கவும் செய்யும். ஹெட்டைக் கழற்றிக் கரி எடுப்பது மெக்கானிக் வேலை.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இப்போதைய பெட்ரோல் கார்களில் நாக் சென்சார் நாக்கிங் தொடங்கியவுடன் அதன் அதிர்வை உணர்ந்து பொறியின் நேரத்தைத் தள்ளிவைக்கும். பெரும்பாலும் காதில் எதுவும் விழாது. இழுவையும் மைலேஜும் குறைவதே அறிகுறி. அது தெரிந்தால் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எந்த சிலிண்டருடையது என்று வரிசையாக வையுங்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது கழற்றிய பிளக்கைத் துடைக்காமல் காகிதத்தில் சுற்றி, அன்றைய கிலோமீட்டரை அதன்மேல் எழுதி எடுத்துப் போங்கள். சத்தம் எந்தக் கியரில், எந்த ஏற்றத்தில் கேட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.