பொறுப்பு கைமாறும்போது

அருட்சகோதரி மாற்றலாகிச் சென்றதும், அல்லது தலைவி படிப்பை முடித்து வெளியேறியதும், நன்கு நடந்துவந்த இளைஞர் குழு ஓய்ந்துவிடுவதுண்டு. இதைத் தவிர்ப்பது எப்படி?

மோசே வழிகாட்டுகிறார். தமக்குப்பின் மக்கள் ஆயனில்லா ஆடுகளாகிவிடக் கூடாதென்று, அவரே இறைவனிடம் ஒரு தலைவரைக் கேட்டார் (எண்ணிக்கை 27). பின்பு குரு எலயாசர் முன்பும் மக்கள் அனைவர் முன்பும் யோசுவாவின்மேல் கைகளை வைத்துப் பொறுப்பளித்தார். தாம் இருக்கும்போதே, வெளிப்படையாக அளித்தார் என்பதே பாடம்.

மரியாயின் சேனையில் ஒருவர் ஒரே பதவியில் தொடர்ந்து 6 ஆண்டுகளுக்குமேல் இருக்கலாகாது என்பது விதி. 1930இல் உருவான நம் சேலம் மறைமாவட்டத்தின் முதல் ஆயர், பிரெஞ்சு நாட்டவரான பிரூனியே ஆண்டகை. 1949இல் நம் நாட்டவரான செல்வநாதர் ஆண்டகை பொறுப்பேற்றார். ஆயர் மாறினார், திருப்பணி நிற்கவில்லை.

நம் மாணவர் இயக்கத்திலும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓராண்டு துணைத்தலைவியாகப் பழகட்டும். கூட்டக் குறிப்பேடும் கணக்கும் எல்லார் முன்னிலையிலும் கைமாறட்டும். பழைய தலைவி, கேட்டால் ஆலோசனை கூறட்டும், கேளாதபோது செபிக்கட்டும். புதியவள் வேறு விதமாகச் செய்தால் மனம் நோக வேண்டாம். குழு நமதன்று, கிறிஸ்துவினுடையது.