கையும் காலும் சேர்ந்தால்

இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகத் தொடங்கியபோது, வலப்பக்கம் திருப்பினால் என் செஸ்னா முதலில் இடப்பக்கம் மூக்கைத் திருப்பும். பயிற்சியாளர் என் கால்களைத்தான் பார்ப்பார்.

காரணம் எளிது. பிடியை வலப்பக்கம் திருப்பும்போது வலது இறக்கையின் எய்லரோன் மேலெழும். இடது எய்லரோன் கீழிறங்கும். கீழிறங்கிய பக்கத்தில் உயர்த்துவிசை கூடும், கூடவே காற்றின் இழுவையும் கூடும். அந்த இழுவைதான் மூக்கை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. அதே கணத்தில் வலது காலால் மிதித்து வாலிலுள்ள சுக்கானைத் திருப்ப வேண்டும். ரைட் சகோதரர்களும் 1902இல் இதில்தான் தடுமாறினார்கள். கிளைடரின் அசையாத வாலை அசையும் சுக்கானாக மாற்றிய பின்னரே அது சொற்கேட்டது.

முன்னாலுள்ள வளைந்த குழாயில் ஒரு குண்டு உருளும். அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கக் காலை அழுத்த வேண்டும். ஆனால் குண்டையே பார்த்திருந்தால் கால் பழகாது. நான் பழகியது இப்படி: போதிய உயரத்தில், தூரத்து மலையொன்றை நோக்கி மூக்கை வைத்து, இறக்கைகளை மட்டும் வலமும் இடமுமாகச் சாய்ப்பேன். கை போகும் பக்கமே காலும் போகும். மூக்கு மலையை விட்டு நகர்ந்தால் கால் பிந்திவிட்டது, அல்லது அளவுக்கு மிஞ்சிவிட்டது.

மிஞ்சுவதுதான் ஆபத்து. தரையிறங்கும் கடைசித் திருப்பத்தில் ஒருநாள் ஓடுபாதையைத் தாண்டிவிட்டேன். பதற்றத்தில் உட்பக்கக் காலை அழுத்தி மூக்கை இழுத்தேன். குண்டு வெளிப்பக்கம் ஓடியது. வேகம் குறைந்த நேரத்தில் அப்படிச் செய்தால் உட்பக்க இறக்கை முதலில் உயர்த்துவிசையை இழந்து விமானம் சுழலத் தொடங்கும்; மீட்க உயரம் இராது. பயிற்சியாளர் உடனே பிடியை வாங்கி விமானத்தை மேலே கொண்டுபோனார்.

உம்மாவிடம் அன்று சொல்லவில்லை. இதை வாசித்துத்தான் அறிவார்.