காவிரி பிறக்கும் சீமை

அன்புள்ள தம்பிக்கு,

கும்பகோணத்தில் காவிரியில் நீராடி வளர்ந்த நீ, அந்நதி உற்பத்தியாகும் குடகுச் சீமையைப் பற்றியும் அதன் தலைநகரைப் பற்றியும் எழுதும்படி கேட்டிருந்தாய். நதியை அறிய விரும்புகிறவன் அது பிறக்கும் மண்ணின் உழவரை முதலில் அறிய வேண்டும் என்பது என் அபிப்பிராயமாதலால், அவர்களிலிருந்தே தொடங்குகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டிலும் கிழக்குச் சரிவிலும் பரந்து கிடக்கும் இம்மாவட்டத்தில், ஆனியில் வலுக்கும் தென்மேற்குப் பருவமழை ஆவணி வரையில் ஓயாது பெய்கிறது. பாகமண்டலத்தைச் சூழ்ந்த மேற்கு மலைகளில் அளவு கடந்து பொழியும் அம்மழை, கிழக்கே குசாலநகரத்தை அடைவதற்குள் பல மடங்கு குறைந்துவிடுகிறது.

இத்தகைய மழையில் வெட்டவெளியாக்கிய சரிவு நில்லாது என்பதை உணர்ந்த குடகு விவசாயிகள், ஓங்கி வளர்ந்த மரங்களை விட்டுவைத்து, அவற்றின் நிழலில் காப்பியையும், அடிமரத்தைப் பற்றிப் படரும் மிளகையும், ஈரம் மிகுந்த இடங்களில் ஏலத்தையும் பயிரிடுகிறார்கள். பாரத தேசத்துக் காப்பியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இங்கேதான் விளைகிறது. மாசி, பங்குனியில் ஒரு கோடைமழை தவறாமல் பெய்தால்தான் காப்பி நன்றாகப் பூக்கும். பள்ளத்தாக்குகளிலோ நெல் வயல்கள். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய புத்தரித் திருநாளில், குடும்பத்தார் யாவரும் மூதாதையர் இல்லத்தில் கூடி, இரவில் வயலுக்குச் சென்று, துப்பாக்கி முழங்க முதற்கதிரை அறுத்து வருகிறார்கள்.

சுமார் 3,800 அடி உயரத்திலுள்ள மடிக்கேரியை, குடகை ஆண்ட ஹாலேரி வமிசத்து முத்துராஜா 1681-ல் தலைநகராக்கினார். அங்குள்ள கோட்டையும், 1820-ல் லிங்கராஜேந்திரர் கட்டி, இஸ்லாமியக் கட்டடக்கலையின் சாயலில் குவிமாடம் அமைத்த ஓங்காரேசுவரர் ஆலயமும் அவ்வமிசத்தின் நினைவுகளாம். 1834-ல் ஆங்கிலேயர் வசமாகி, சுதந்திரத்துக்குப் பின் தனி மாநிலமாக விளங்கிய குடகு, 1956-ல் மைசூருடன் இணைந்தது.

இனி, நீ மனத்தில் இருத்த வேண்டிய விஷயம் ஒன்று. நிழல்மரங்களின் இலைகளில் வேகம் தணிந்து, சருகு மூடிய மண்ணில் ஊறி, வயல்களில் தேங்கி நின்று, பிறகே மழைநீர் மெல்ல மெல்ல நதியைச் சேர்கிறது. 2018 ஆகஸ்டில் மடிக்கேரியைச் சுற்றிலும் மலைகள் சரிந்து உயிர்ச்சேதம் நேர்ந்தபோது, கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் சரிவுகளை வெட்டியது அந்நாசத்தைப் பெருக்கிற்று என்று நிலவியல் வல்லுநர் கண்டனர். கூலி உயர்ந்து வரவு குறைந்தமையால் நெல் வயல்களும் பல தரிசாகி வருகின்றன. அங்கே ஒரு வயல் பாழாவது உன் ஊருக்கும் நஷ்டமே என்பதைத் தஞ்சைக் கழனிகளின் சோறுண்ணும் நாம் மறத்தல் தகாது.

ஐப்பசி முதல் தேதியில், காவிரி பிறக்கும் தலைக்காவிரியில் யாத்திரிகர்கள் திரளாகக் கூடுவார்கள். நீ ஆடி மாதத்திலேயே போ. கொட்டும் மழையில் நாற்று நடுகிறவர்களோடு பேசு. அவர்களுக்கு நாம் செய்யக்கூடியது என்ன என்று அவர்களையே கேட்டு வந்து எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அன்புள்ள மாமா