கவுல் என்னும் சொல்: நீர்ப்பறவைக் காப்பும் வேட்டை விதிகளும்

முன்னுரை

பழைய வருவாய்த் துறை ஆவணங்களைப் புரட்டுவோர் ‘கவுல்’ என்னும் சொல்லை அடிக்கடி காண்பர். குத்தகை, உடன்படிக்கை, அரசு குடிகளுக்கு எழுதித் தரும் உறுதி எனப் பல பொருள்களில் அது வழங்கியது. அரபு மொழியில் ‘கவ்ல்’ என்றால் சொல், பேச்சு, வாக்கு என்பது பொருள். பாரசீக, உருது ஆட்சிமொழி வழியே தமிழகம் வந்த இச்சொல், கும்பினியார் காலத்திலும் நிலைத்து நின்றது. ‘கொடுத்த வாக்கு’ என்னும் அடிப்படைப் பொருளை அது எங்கும் இழக்கவில்லை.

இச்சொல்லை ஈண்டு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நம் செங்கற்பட்டுச் சீமையில், நீர்ப்பறவைகளைச் சுடலாகாது என்று உழவர்கள் கேட்டுப் பெற்ற ஆணைக்கும் கவுல் என்பதே பெயர். புகலிடத்தில் வேட்டைக்கு உரிய விதிகள் யாவை, அவை எவ்வாறு தோன்றி வளர்ந்தன, அவற்றை நாம் எந்த மனத்தோடு ஏற்க வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

தாங்கலும் வேடரும்

பல்லாவரத்தில் வாழும் நமக்கு வேட்டை வரலாறு தொலைவான செய்தியன்று. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், இராபர்ட் புரூசு ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் பல்லாவரத்துச் செம்மண் சரளையிலிருந்து ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அந்நாளில்தான் தொடங்கிற்று. வேட்டையாடி உண்டு வாழ்ந்த மாந்தரின் கைக்கருவி அது. ஆகவே இம்மண்ணில் வேட்டை, உழவினும் மூத்த தொழில் எனலாம்.

உழவு வந்தபின் ஏரிகள் வந்தன. தொண்டை மண்டலத்தில் நீரைத் தாங்கி நிற்கும் சிறிய ஏரிக்குத் ‘தாங்கல்’ என்று பெயர். நமக்கு அண்மையிலுள்ள பழவந்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்கள் இதற்குச் சான்று. அவ்வகைப் பெயர்களுள் புகழ் மிக்கது மதுராந்தகம் வட்டத்திலுள்ள வேடந்தாங்கல். வேடர் தங்கிய ஊர் என்றே அதற்குப் பொதுவாகப் பொருள் கூறுவர். வேடர் பெயரால் வழங்கிய ஊரே பறவைகளின் புகலிடம் ஆயிற்று.

உழவர் பெற்ற கவுல்

வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 எக்டேர்தான். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும், நீரில் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, கரண்டிவாயன், வக்கா ஆகியவை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. வடபுலத்திலிருந்து ஊசிவால் வாத்தும் கிளுவையும் வலசை வருகின்றன.

இப்பறவைகளின் எச்சம் ஏரிநீரில் கலக்கின்றது. அந்நீர் மதகின் வழியே வயலுக்குப் பாயும்போது தழைச்சத்தையும் மணிச்சத்தையும் உடன் கொண்டு செல்கின்றது. விலை கொடாமலே உரம் கிடைப்பதை உழவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படையினர் இப்பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். ஊரார் பொறுக்கவில்லை, திரண்டு சென்று மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டனர். அப்போது ஆட்சியராக இருந்தவர் லயோனல் பிளேசு. 1798ஆம் ஆண்டளவில், ஏரியில் பறவைகளுக்கு எவரும் ஊறு செய்யலாகாது என்று அவர் கவுல் எழுதித் தந்தார். 1858இல் அது மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936இல் அரசு அவ்விடத்தைப் பறவைப் புகலிடமாக ஏற்றது. 1998இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் ஆரமுள்ள பகுதி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்த ஆரத்தைக் குறைக்கும் முன்மொழிவு 2020இல் எழுந்தபோது பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. 2022இல் வேடந்தாங்கல் ராம்சார் ஈரநிலங்களின் வரிசையில் சேர்ந்தது.

இவ்வரலாற்றில் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். பறவைக் காப்பு மேலிருந்து கீழே இறங்கி வந்த ஆணையன்று. ஏர் பிடித்தவர்கள் கேட்டார்கள். ஆட்சி எழுதிக் கொடுத்தது.

சங்கச் சான்று ஒன்று

பறவைக்குக் காவலாய் நிற்பது தமிழர்க்குப் புதிதன்று. அகநானூற்றில் பரணர் ஆய் எயினன் என்னும் தலைவனைப் பற்றிக் கூறுகின்றார். பறவைகளுக்குப் பாதுகாவலனாக விளங்கிய அவன், பாழிப் பறந்தலையில் மிஞிலியோடு பொருது வீழ்ந்தான். அவன் உடல் மீது வெயில் படாதவாறு பறவைகள் கூடிச் சிறகுகளால் நிழல் செய்தன என்பது பாடற்செய்தி. எயினர் என்பது பாலை நிலத்து வேட்டுவரின் பெயர். வேட்டுவர் பெயரைத் தாங்கிய ஒருவனே புள்ளினத்தின் காவலனாகவும் போற்றப்பட்டான். வேடந்தாங்கலின் பெயர்க்கதையும் எயினனின் கதையும் ஒரே திசையைக் காட்டுகின்றன. வேட்டையின் ஆற்றலை அறிந்தவன் தன் கையைத் தானே தடுத்துக்கொள்வதே காப்பின் தொடக்கம்.

சட்டம் கடந்து வந்த வழி

ஆங்கிலேயர் ஆட்சியில் 1887ஆம் ஆண்டுச் சட்டம், இனப்பெருக்கக் காலத்தில் கொன்ற பறவைகளை நகராட்சி, கண்டோன்மென்ட் எல்லைகளில் வைத்திருப்பதையும் விற்பதையும் தடுக்க விதிகள் இயற்ற இடமளித்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் வாத்து, நாரை, கொக்கு முதலியவற்றுக்கு ‘மூடிய காலம்’ வகுக்க வழி செய்தது. இவ்விரண்டும் வேட்டையை ஒழிக்க வந்தவையல்ல. வேட்டைக்குப் பருவம் குறித்தவை.

பருவம் மட்டும் குறித்தால் போதாது என்பதற்கு இராசத்தானத்துப் பரத்பூர் சான்று. 1938 நவம்பர் 12 அன்று, வைசிராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட ஒரே வேட்டையில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. அந்த எண்ணிக்கையைக் கல்லில் பொறித்து அங்கே நிறுத்தியுள்ளனர். பெருமைக்காகப் பொறித்த கல், இன்று காண்போர்க்கு எச்சரிக்கையாக நிற்கின்றது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தொடக்கத்தில் உரிமம் பெற்ற வேட்டைக்கு இடம் வைத்திருந்தது. ஆயினும் இரவில் வேட்டையாடுதல், செயற்கை ஒளியைப் பயன்படுத்துதல், ஊர்தியில் சென்று சுடுதல், நஞ்சு வைத்தல் ஆகியவற்றை அது தடுத்தது. 1991இல் வந்த திருத்தம் அவ்வேட்டை உரிமங்களையே நீக்கிவிட்டது. இன்றுள்ள நிலையைப் பின்வருமாறு தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, பட்டியலிலுள்ள காட்டுயிரை வேட்டையாடுதல் சரணாலயத்தின் உள்ளே மட்டுமன்றி வெளியேயும் குற்றம். நீர்ப்பறவைகளுள் பெரும்பாலானவை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னும் அப்பட்டியல்களில் உள்ளன.

இரண்டாவது, ‘வேட்டை’ என்பதற்குச் சட்டம் தரும் பொருள் விரிவானது. கொல்வது மட்டுமன்றிப் பிடித்தல், பொறி வைத்தல், காயப்படுத்துதல், முட்டையையும் கூட்டையும் சிதைத்தல் ஆகியனவும் வேட்டையே.

மூன்றாவது, இசைவின்றிப் படைக்கருவியோடு சரணாலயத்துள் நுழைதல், தீ வைத்தல், வெடிபொருளோ நச்சுப் பொருளோ பயன்படுத்துதல், இசைவின்றி நீரோட்டத்தைத் திருப்புதல் அல்லது தடுத்தல் ஆகியனவும் தடுக்கப்பட்டுள்ளன. துப்பாக்கியால் ஒரு நாரையைக் கொல்லலாம். வாய்க்காலை அடைத்தால் ஏரியின் நாரைகள் அனைத்தும் போய்விடும். இதனைச் சட்டம் உணர்ந்திருக்கின்றது.

நான்காவது, சரணாலயத்தில் வேட்டையாடினால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டமும் உண்டு.

ஐந்தாவது, விற்பவனைப் போன்றே வாங்குபவனும் குற்றவாளியாவான். இதனை நம்மவருள் பலர் அறியார்.

அயல்நாட்டு நெறியும் நம் நெறியும்

அமெரிக்க நாட்டில் வனவிலங்குப் புகலிடங்கள் சிலவற்றில் வாத்து வேட்டைக்கு இன்றும் இசைவு உண்டு. அங்கு விதிகள் நுணுக்கமானவை. நாளொன்றுக்கு இத்தனை பறவைதான் என்ற வரம்பு உண்டு. கதிரவன் எழுவதற்கு அரை மணி முன்பிலிருந்து மறைவு வரைதான் சுடலாம். துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் இருத்தலாகாது. வாத்துகள் இரைப்பைக் கல்லென்று எண்ணி ஈயக் குண்டுகளை விழுங்கி நஞ்சேறி இறந்தமையால், 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டு நாடு முழுவதும் தடுக்கப்பட்டது. 1934 முதல் வேட்டைக்காரர் ‘வாத்து முத்திரை’ வாங்க வேண்டும். அப்பணம் சதுப்பு நிலங்களை வாங்கிக் காக்கப் பயன்படுகின்றது.

வேட்டைக்காரன் பணத்தால் சதுப்பு நிலம் பிழைக்கின்றதே, அவ்வழியை நாமும் பின்பற்றினால் என்ன என்று வினவுவோர் உளர். வினா நேர்மையானதே, விடையை நம் பருவமே தருகின்றது. அங்கே வாத்துகள் கோடையில் வடக்கே குஞ்சு பொரித்து முடித்து, இலையுதிர் காலத்தில் தெற்கே வரும்போது வேட்டை திறக்கின்றது. இங்கே ஏரியில் நீர் இருக்கும் மாதங்களே நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் இனப்பெருக்க மாதங்கள். கோடையில் ஏரி வற்றினால் பறவைகளும் இல்லை. எனவே வேடந்தாங்கலில் வேட்டைக்குத் திறக்கத்தக்க மாதம் என ஒன்று இல்லை. மேலும், ஒரு மரத்தில் பல கூடுகள் நெருங்கியிருக்கும் இடத்தில் ஒரு வெடியோசை போதும். பல கூடுகள் குலைந்துவிடும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில் ஊரார் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. இவ்விதியை அவர்கள் எந்தச் சட்ட நூலிலும் படிக்கவில்லை.

மார்க்கம் காட்டும் வரம்பு

இஸ்லாம் உணவுக்காக வேட்டையாடுவதை அனுமதித்த மார்க்கம். ஆயினும் அந்த அனுமதிக்குக் காலத்தாலும் இடத்தாலும் நோக்கத்தாலும் எல்லை வகுத்துள்ளது. இஹ்ராம் பூண்ட நிலையில் தரைவாழ் வேட்டைப் பிராணியைக் கொல்லுதல் கூடாது; அறிந்தே கொன்றால் ஈடு செய்ய வேண்டும் என்று திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் விதிக்கின்றது. மக்கா ஹரம் எல்லையில் வேட்டைப் பிராணியை விரட்டுவதுகூடத் தடுக்கப்பட்டது. உயிருள்ளதைக் குறிபார்க்கும் இலக்காக வைப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். குஞ்சுகளை எடுத்ததால் துடித்த தாய்ப்பறவையைக் கண்டு, அவற்றைத் திருப்பி விடுமாறு பணித்தார்கள். புகலிடம் என்னும் கருத்தும், விளையாட்டுக் கொலை ஆகாது என்னும் அறமும் நம் மரபின் நடுவிலேயே உள்ளன.

இந்நாட்டின் தலைசிறந்த பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896–1987) நினைவுக்கு வருகின்றார். சிறுவயதில் அவர் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இதனை உண்ணத் தகுமா என்ற ஐயம் எழுந்தது. அந்த ஐயமே அவரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாயிலுக்குக் கொண்டு சென்றது. ஹலால் பற்றிய ஒரு சிறுவனின் கேள்வி, ஓர் அறிவுத்துறைக்கே கதவு திறந்தது. பரத்பூரில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பறவைகள் வீழ்ந்த நவம்பர் 12ஆம் நாளே அவர் பிறந்த நாளும் ஆகும்.

நம் வாசலில்

இவையெல்லாம் வேடந்தாங்கலோடு நின்றுவிடுவன அல்ல. கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் மிகைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்கின்றது. அச்சதுப்பின் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாக்கப்பட்டது. 2022இல் அதுவும் ராம்சார் தகுதி பெற்றது. நாமக்கோழியும் தாழைக்கோழியும் உள்ளானும் நம் வீட்டிலிருந்து சிறிது தொலைவிலேயே மேய்கின்றன.

ஏரிக்கரையிலோ சாலையோரத்திலோ காட்டு நீர்ப்பறவைகளை ஒருவர் விற்றால், முறைப்படி அறுத்ததாயின் உண்ணலாம் என்று கூறி வாங்குவோர் உளர். இங்கே நாம் தெளிவு பெற வேண்டும். அறுக்கும் முறை செம்மையாக இருப்பது ஒன்று. பெற்ற வழி செம்மையாக இருப்பது மற்றொன்று. வாழும் நாட்டின் சட்டம் பொதுநன்மைக்காகத் தடுத்த ஒன்றைக் களவாகப் பெற்று, அறுத்த முறையை மட்டும் சான்று காட்டுதல் நேர்மையாகாது. நாட்டுச் சட்டத்துக்கு அடங்கி வாழ்வோம் என்பது நாம் கொடுத்த கவ்ல் அல்லவா? பண்ணைக் காடையும் வளர்ப்பு வாத்தும் இருக்க, வலசை வந்த விருந்தின் மேல் கை வைப்பானேன்?

விற்பவரை மட்டும் பழிப்பதும் முறையன்று. குருவிக்காரர் என்று தொழிலாலேயே பெயர் பெற்ற மக்களின் பிழைப்பைச் சட்டம் எடுத்துக்கொண்டது. மாற்றுப் பிழைப்பை அதே விரைவில் கொடுக்கவில்லை. நரிக்குறவர், குருவிக்காரர் ஆகியோரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2022 திசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அவர்தம் பிள்ளைகளுக்குக் கல்வியும் வேலையும் கிடைக்கச் செய்வதும் பறவைக் காப்பின் ஒரு பகுதியே. வாங்குவோர் இல்லையெனில் விற்போரும் இரார். பிழைக்க வேறு வழியிருப்பின் வலை விரிப்போரும் குறைவர்.

முடிவுரை

வேட்டை விதிகளின் வரலாறு, எத்தனை கொல்லலாம் என்ற கேள்வியிலிருந்து, ஏன் கொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு வளர்ந்த வரலாறாகும். அவ்வினாவை நம் மாவட்டத்து உழவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பி, விடையை எழுத்திலும் வாங்கினர். மாணவர்கள் விடுமுறையில் வேடந்தாங்கலுக்கும் பள்ளிக்கரணைக்கும் செல்க. பறவைகளின் தமிழ்ப் பெயர்களை ஊராரிடம் கேட்டுத் தொகுக்க. ஊர்ப் பெரியோர்கள் விருந்துகளில் காட்டுப் பறவை இறைச்சி இடம்பெறாமல் பார்த்துக்கொள்க. தாளில் எழுதிய கவுல் காலத்தால் அழியலாம். ஊரார் ஒவ்வொருவரும் அதனைத் தம் வாக்காகக் கொள்ளுமிடத்து, பருவம்தோறும் பறவைகள் நம்பி வந்து இறங்கும்.