நிரலும் நூலே

நுழையும்முன்

வயலில் விளைந்த சின்ன வெங்காயத்தை ஒருவர் திருடிச் சென்றால், உழவரின் இழப்பு உடனே புலப்படும். மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் படியெடுத்தாலோ மூலப்படி இருந்த இடத்திலேயே இருக்கும், இழப்பு புலப்படாது. புலப்படாத இக்களவைத் தடுக்க அரசு மேற்கொண்ட முயற்சிகளை இப்பாடம் விளக்குகிறது.

உரிமையாளரின் இசைவின்றி மென்பொருளைப் படியெடுத்தலும் விற்றலும், ஒரு கணினிக்கெனப் பெற்ற உரிமத்தைக் கொண்டு பல கணினிகளில் நிறுவுதலும் மென்பொருள் திருட்டு எனப்படும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 1984ஆம் ஆண்டுத் திருத்தம், கணினி நிரலை ‘இலக்கியப் படைப்பு’ என்னும் வகையில் சேர்த்தது. கதைக்கும் கவிதைக்கும் உரிய பாதுகாப்பு நிரலுக்கும் கிடைத்தது.

1994ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனையைத் தெளிவாக்கியது. திருட்டுப்படி என அறிந்தே அதைக் கணினியில் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். ஆதாயம் கருதாமல் பயன்படுத்தியவருக்கு நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய்க்கு மிகாத தண்டம் மட்டும் விதிக்கலாம். முறையாக வாங்கியவர், மூலப்படி பழுதானால் உதவுமெனக் காப்புப்படி எடுத்துவைப்பது குற்றமன்று.

தண்டனை மட்டும் போதுமா? உரிமத்தொகை செலுத்த இயலாத மாணவருக்குத் திருட்டுப்படியே எளிய வழியாகத் தோன்றக்கூடும். எனவே, நேர்வழியையும் எளிதாக்க வேண்டியதாயிற்று. தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. பெரம்பலூர், அரியலூர் போன்ற வேளாண் மாவட்டங்களின் அரசுப் பள்ளி மாணவரும் அதனால் பயன்பெற்றனர். அத்திட்டத்தின் தொடக்கக் கணினிகளில் விண்டோசுடன், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இடம்பெற்றது. மேனிலை வகுப்புக் கணினிப் பாடநூல்கள் ‘ஓப்பன் ஆபீஸ்’ என்னும் திறந்த மூல மென்பொருளைக் கற்பித்தன. கட்டணமின்றி, சட்டத்திற்கு உட்பட்டுக் கற்க வழி பிறந்தது.

தெரியுமா?

கட்டற்ற மென்பொருளுக்கும் உரிமம் உண்டு. அதைப் படியெடுக்கவும் திருத்தவும் பகிரவும் படைப்பாளரே அவ்வுரிமத்தின்வழி இசைவளிக்கிறார். இசைவு இருப்பதால் அது திருட்டாகாது.

பெரம்பலூர் மாணவி ஒருத்தி, சின்ன வெங்காயத்தின் அன்றாடச் சந்தை விலையை உழவருக்கு அறிவிக்கும் செயலியை நாளை உருவாக்கக்கூடும். பல இரவுகள் விழித்து எழுதிய அந்நிரல் திருட்டுப்படியாகப் பரவினால், அதை மேம்படுத்தும் பொருளும் ஊக்கமும் அவளுக்கு எவ்வாறு கிட்டும்? பிறர் உழைப்பை இன்று மதிப்பவரே தம் உழைப்புக்கு நாளை மதிப்பை எதிர்பார்க்க இயலும்.

கற்பவை கற்றபின்

1. பள்ளிக் கணினியில் உள்ள மென்பொருள்களை உரிம வகைப்படி அட்டவணைப்படுத்துக.
2. ‘மென்பொருள் திருட்டைத் தடுக்கப் பெரிதும் உதவுவது தண்டனையா, மாற்றுவழியா?’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.