டேப் பேக்கப்: எடுத்து வைத்தால் மட்டும் போதுமா?

கடையைச் சாத்தும் முன் கல்லாவை எண்ணிப் பார்க்காமல் நம்மில் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. 'ரொக்கம் சரியாக இருக்கிறது' என்று கணக்குப்பிள்ளை சொன்னாலும் ஒருமுறை எண்ணுகிறோம். அது அவர்மேல் உள்ள சந்தேகத்தால் அல்ல, தொழில் பழக்கம். ஆனால் கம்ப்யூட்டரில் இரவுதோறும் எடுக்கும் பேக்கப்பில் மட்டும், திரையில் 'முடிந்தது' என்று வந்துவிட்டால் அப்படியே நம்பிவிடுகிறோம்.

மொத்த வியாபாரம் செய்யும் உறுப்பினர்கள் சிலர் சர்வருடன் டேப் டிரைவும் வைத்திருக்கிறார்கள். அதைச் சோதிப்பது எப்படி, கோளாறு வந்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதே இந்தப் பாடம். பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ நகல் எடுக்கும் சிறு கடைக்காரர்கள் 'மீட்டுப் பார்க்கும் சோதனை' என்ற பகுதியை மட்டுமாவது படித்துச் செய்து பார்க்க வேண்டுகிறோம்.

சட்டம் என்ன கேட்கிறது?

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஓர் ஆண்டுக்கான கணக்குகளை, அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். உதாரணமாக, 2023-24-ஆம் ஆண்டுக்குக் கடைசித் தேதி 31.12.2024. ஆகவே அந்த ஆண்டுக் கணக்கு 31.12.2030 வரை கையில் இருக்க வேண்டும். மேல்முறையீடோ வழக்கோ நடந்துகொண்டிருந்தால், அது முடிந்து ஓராண்டு வரையிலும் வைத்திருக்க வேண்டும். இரண்டில் எது பிந்தியதோ அதுவே கெடு.

கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு 57-ஆம் விதியும் உண்டு. விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ பதிவுகள் அழிந்தால், நியாயமான காலத்துக்குள் அவற்றை மீட்டெடுக்கும் வகையில் பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. 'பேக்கப் எடுத்தேன்' என்பதோடு அது நிற்கவில்லை. மீட்க முடிய வேண்டும் என்று கேட்கிறது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கடன் பாக்கிப் பட்டியல் போய்விட்டால் யார் எவ்வளவு தரவேண்டும் என்று வாடிக்கையாளர்களையே கேட்கும் நிலை வரும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வெள்ளம் கடைகளுக்குள் புகுந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். கம்ப்யூட்டரும் அதன் நகலும் ஒரே மேஜையில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே நனையும்.

டேப் காப்பாற்றிய கதையும் கைவிட்ட கதையும்

டேப் பழைய சாமான் என்று நினைப்பவர்கள் உண்டு. 2011 பிப்ரவரியில் கூகுள் நிறுவனத்தின் மென்பொருள் கோளாறு ஒன்றால் ஜிமெயில் பயன்படுத்துவோரில் சுமார் 0.02 சதவீதம் பேரின் கடிதங்கள் காணாமற்போயின. பல இடங்களில் வைத்திருந்த நகல்களையும் அதே கோளாறு பாதித்தது. கடைசியில் டேப்பிலிருந்துதான் மீட்டார்கள். டேப் கம்ப்யூட்டரோடு இணையாமல் தனியே இருந்ததால் கோளாறு அதைத் தொடவில்லை. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய 'வான்னாகிரை' போன்ற, பூட்டுப் போட்டுப் பணம் கேட்கும் வைரஸ்களுக்கும் இது பொருந்தும். எப்போதும் செருகியே வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க்கையும் அவை பூட்டிவிடும். கழற்றி அலமாரியில் வைத்த டேப்பை அவற்றால் எட்ட முடியாது.

மறுபக்கம் ஒன்று உண்டு. 1998-இல் அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' என்ற கார்ட்டூன் படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப் இருக்கிறதே என்று மீட்டார்கள். மீட்டது அரைகுறை என்பது பிறகுதான் தெரிந்தது. பேக்கப் சில வாரங்களாகவே ஒழுங்காக நடக்கவில்லை. யாரும் மீட்டுப் பார்க்காததால் அது வெளியே தெரியவில்லை. குழந்தைப் பேற்றை ஒட்டி வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மன் என்பவரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்ததால் படம் பிழைத்து, 1999 நவம்பரில் திரைக்கு வந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை.

டேப் டிரைவ் எதைச் சரிபார்க்கும், எதைச் சரிபார்க்காது?

இன்று புழக்கத்தில் உள்ளவை பெரும்பாலும் எல்.டி.ஓ. வகை டிரைவ்கள். அதற்கு முன் டேட் எனப்படும் சிறு கேஸட் டிரைவ்கள் இருந்தன. எல்.டி.ஓ. டிரைவில் எழுதும் ஹெட்டுக்குப் பின்னாலேயே படிக்கும் ஹெட்டும் உண்டு. எழுதியதை உடனே படித்துச் சரிபார்த்து, பிழை இருந்தால் டிரைவே மறுபடி எழுதிவிடும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் தன்னிடம் வந்த விவரம் டேப்பில் சரியாகப் பதிந்ததா என்பதை மட்டுமே டிரைவ் பார்க்கும். உங்கள் கணக்குக் கோப்பு முழுமையாக வந்ததா, பழைய போல்டர் வந்ததா, வரவே இல்லையா என்பது அதற்குத் தெரியாது. கொடுத்த பில்லைக் கணக்குப்பிள்ளை பிழையில்லாமல் பதிவார். கொடுக்காத பில்லை அவர் எங்கே பதிவார்?

நடைமுறையில் இது மூன்று விதமாக நேர்கிறது. முதலாவது, கணக்கு மென்பொருள் திறந்திருக்கும்போதே பேக்கப் ஓடி, பூட்டிய கோப்பை விட்டுவிடுவது. இரண்டாவது, ஏப்ரலில் புதிய ஆண்டுக்குப் புதிய போல்டர் தொடங்கி, பேக்கப்போ பழைய போல்டரையே எடுத்துக்கொண்டிருப்பது. மூன்றாவது, டேப் நிரம்பி அடுத்த டேப்பைக் கேட்டு, போடாததால் பாதியில் நிற்பது. ஆகவே காலையில் கடை திறந்ததும் பேக்கப் மென்பொருளின் அறிக்கையைத் திறந்து, எத்தனை கோப்புகள் எடுக்கப்பட்டன, எத்தனை விடப்பட்டன என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். விடப்பட்டது பூஜ்யமாக இருக்க வேண்டும்.

மீட்டுப் பார்க்கும் சோதனை

மாதம் ஒருமுறை, வியாபாரம் மந்தமான நேரத்தில் செய்யலாம்.

1. பேக்கப் எடுக்கும் நாளன்று மாலை நான்கு விவரங்களை ஒரு தாளில் எழுதுங்கள்: கடைசி பில் எண், ரொக்க இருப்பு, ஒரு வாடிக்கையாளரின் பாக்கி, ஒரு சரக்கின் இருப்பு (துவரம் பருப்பு எத்தனை மூட்டை என்பதுபோல).

2. மறுநாள் அந்த டேப்பின் எழுத்துத் தடுப்புத் தாழ்ப்பாளை நகர்த்திவிட்டு டிரைவில் போடுங்கள். இனி அதில் தவறுதலாகக்கூட எதுவும் பதியாது.

3. கம்ப்யூட்டரில் 'சோதனை' என்ற பெயரில் புதிய போல்டர் ஒன்றை உண்டாக்கி, அதற்குள் மீட்டெடுங்கள். இங்கே மிகுந்த கவனம் தேவை. பழைய இடத்திலேயே மீட்டால் இன்றைய கணக்கின்மேல் நேற்றைய கணக்கு ஏறி உட்கார்ந்துவிடும். டேலியில் ரீஸ்டோர் செய்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. முடிந்தால் வேறொரு கம்ப்யூட்டரில் செய்வது உத்தமம்.

4. மீட்ட கணக்கைத் திறந்து, தாளில் உள்ள நான்கு விவரங்களோடு ஒப்பிடுங்கள். கோப்பு இருக்கிறது என்பதோடு நிறுத்தக் கூடாது. அது திறக்க வேண்டும், கணக்கு ஒத்துப்போக வேண்டும்.

5. எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் எத்தனை மணி நேரம் கையால் பில் போடவேண்டும் என்பது இதிலிருந்து தெரியும்.

6. தேதியையும் முடிவையும் நோட்டில் எழுதி, செய்தவர் கையெழுத்துப் போட்ட பிறகு, 'சோதனை' போல்டரை அழித்துவிடுங்கள். சரியான போல்டரைத்தான் அழிக்கிறோமா என்று இருமுறை பாருங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது வேறொரு டிரைவில் அந்த டேப்பைப் படிக்க வைத்துப் பாருங்கள். எழுதிய டிரைவில் மட்டும் படித்து, மற்ற டிரைவில் படிக்காத டேப்புகள் உண்டு. பழைய டேட் டிரைவ்களில் ஹெட்டின் அமைப்பு சற்று விலகினால் இப்படி ஆகும். கடை டிரைவே வெள்ளத்தில் போய்விட்டால் அந்த டேப் யாருக்கும் உதவாது.

கோளாறு வந்தால் எங்கே தேடுவது?

எடை குறைகிறது என்று புகார் வந்தால் தராசையும் எடைக்கல்லையும் ஒரே நேரத்தில் மாற்ற மாட்டோம். ஒன்றை மாற்றிப் பார்த்து, பிறகு மற்றொன்றைப் பார்ப்போம். இங்கும் அதே முறைதான்.

டிரைவையே கம்ப்யூட்டர் காணவில்லை என்றால்: மின் இணைப்பையும் கேபிளையும் பாருங்கள். கம்ப்யூட்டரை அணைத்து, வெளியில் வைக்கும் டிரைவானால் முதலில் அதற்கு மின்சாரம் கொடுத்து, பிறகு கம்ப்யூட்டரைப் போடுங்கள். பழைய ஸ்கஸி இணைப்பாக இருந்தால் கடைசி முனையில் டெர்மினேட்டர் இருக்கிறதா, இரண்டு சாதனங்களுக்கு ஒரே எண் கொடுக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

டிரைவ் தெரிகிறது, எழுத மறுக்கிறது என்றால்: முதலில் எழுத்துத் தடுப்புத் தாழ்ப்பாளைப் பாருங்கள். சோதனைக்காகப் பூட்டியதைத் திறக்க மறந்திருக்கலாம்.

எழுதும்போது பிழை வந்தால்: வேறு நல்ல டேப்பைப் போடுங்கள். அதில் சரியாக எழுதினால் பழுது முதல் டேப்பில். இரண்டு மூன்று டேப்பிலும் பிழை வந்தால் ஒருமுறை சுத்தம் செய்யும் டேப்பை ஓட்டுங்கள். பிறகும் பிழை வந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். அதற்கும் தீராவிட்டால் டிரைவ்தான். சுத்தம் செய்தபின் குறிப்பிட்ட ஒரு டேப்பைப் போடும்போது மட்டும் விளக்கு மறுபடி எரிந்தால் அந்த டேப்பை ஒதுக்கிவிடுங்கள்.

வேகம் குறைந்து, டேப் முன்னும் பின்னும் ஓடும் சத்தம் கேட்டால்: டிரைவ் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எல்.டி.ஓ.-5 டிரைவ் வினாடிக்கு 140 எம்.பி. வரை எழுத வல்லது. பழைய 100 மெகாபிட் நெட்வொர்க் வழியே வினாடிக்குச் சுமார் 12 எம்.பி.தான் வந்துசேரும். விவரம் வராமல் டேப் நின்று, பின்னால் போய், மறுபடி தொடங்கும். இதனால் டேப்பும் ஹெட்டும் தேயும். முதலில் சர்வரின் ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, அங்கிருந்து டேப்புக்கு அனுப்பினால் தீரும்.

அட்டையில் போட்ட அளவு கொள்ளவில்லை என்றால்: எல்.டி.ஓ.-5 டேப்பின் உண்மைக் கொள்ளளவு 1.5 டி.பி. அட்டையில் உள்ள 3 டி.பி. என்பது விவரத்தைப் பாதியாகச் சுருக்க முடிந்தால் கிடைக்கும் கணக்கு. போட்டோக்களும் ஏற்கெனவே சுருக்கிய கோப்புகளும் மேலும் சுருங்கா. சிறிய எண்ணை நம்பியே டேப் வாங்குங்கள்.

டிரைவ் தயாரிப்பாளர்கள் தரும் சோதனை மென்பொருள்களும் உண்டு. எழுதிப் பார்க்கும் சோதனை டேப்பில் உள்ளதை அழித்துவிடும். அதற்கு வெற்று டேப்பையே பயன்படுத்துங்கள்.

டேப்பைப் பேணும் முறை

மாவு, மிளகாய்த்தூள், மூட்டைத் தூசி பறக்கும் இடத்தில் டிரைவை வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் மின்விசிறி அந்தக் காற்றைத்தான் இழுக்கிறது. எல்.டி.ஓ. டிரைவை அது கேட்கும்போது சுத்தம் செய்தால் போதும். அடிக்கடி செய்தால் ஹெட் தேயும். சுத்தம் செய்யும் டேப்புக்கும் ஆயுள் உண்டு, பொதுவாக 50 முறை வரை. ஒவ்வொரு முறையும் அதன்மேல் கோடு போட்டுவையுங்கள்.

கீழே விழுந்த டேப்பில் இனி பதிய வேண்டாம். வெயிலில் வண்டியில் வந்த டேப்பை உடனே டிரைவில் போடாமல் ஒரு நாள் அறையில் வைத்திருந்து போடுங்கள். ஐந்து நாளுக்கு ஐந்து டேப், மாதக் கடைசிக்கு ஒன்று, மார்ச் 31 முடிவுக்கு ஒன்று என்று சுழற்சி வையுங்கள். மாத டேப்பும் ஆண்டு டேப்பும் கடையில் இருக்கக் கூடாது. வீட்டிலோ வேறு ஊர்க் கிளையிலோ தரைக்கு உயரமான, ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். பேக்கப்புக்குக் கடவுச்சொல் போட்டிருந்தால், அதை உறையில் போட்டு ஒட்டி, டேப் இருக்கும் இடத்தில் அல்லாமல் வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். அது தொலைந்தால் நல்ல டேப்பும் பயன்படாது.

பழைய டிரைவை எடைக்குப் போடும் முன்

புது டிரைவ் எல்லாப் பழைய டேப்பையும் படிக்கும் என்று எண்ண வேண்டாம். எல்.டி.ஓ.-7 டிரைவ் 5, 6, 7 ஆகிய தலைமுறை டேப்புகளைப் படிக்கும். எல்.டி.ஓ.-8 டிரைவோ 7, 8 மட்டுமே படிக்கும். எல்.டி.ஓ.-6 டேப்பில் நான்காண்டுக் கணக்கு வைத்துக்கொண்டு எட்டாம் தலைமுறை டிரைவ் வாங்கினால், டேப் அலமாரியில் இருக்கும், கணக்கு கைக்கு வராது. 72 மாதக் கெடு முடியாத ஆண்டுகளைப் புது டேப்புக்கோ ஹார்ட் டிஸ்க்குக்கோ மாற்றி, மேலே சொன்னபடி மீட்டு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பழைய டிரைவைக் கழியுங்கள்.

கம்ப்யூட்டர் பராமரிப்புக்கு ஆள் வைத்திருப்பவர்கள், அடுத்த முறை அவர் வரும்போது 'பேக்கப் ஓடுகிறதா?' என்று கேட்க வேண்டாம். ஓடுகிறது என்றுதான் சொல்வார். 'போன மாதக் கடைசி டேப்பிலிருந்து கணக்கை இந்தப் போல்டரில் எடுத்துக் காட்டுங்கள்' என்று சொல்லி, நான்கு விவரங்கள் எழுதிய தாளோடு பக்கத்தில் உட்காருங்கள்.