சிறுவர்க்குச் சகோதரத்துவம் கற்பித்தல்



1949 நவம்பர் 26-ஆம் நாள் ஏற்கப்பெற்ற நம் தேசத்தின் அரசியல் சட்டம், தன் முகவுரையில் நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் நான்கினை நிறுவியிருக்கின்றது. 1954 அக்டோபர் 3-ஆம் நாள் வானொலியில் உரையாற்றிய பாபாசாகேப் அம்பேத்கர், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகிய மூன்றினையும் தாம் பிரெஞ்சுப் புரட்சியினின்று பெறவில்லை என்றும், தம் ஆசானாகிய புத்தரின் போதனையினின்றே பெற்றதாகவும் கூறினார். ஆகவே இவற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் நமக்குக் குடிமைக் கடன் மட்டுமன்று, தம்மக் கடனுமாம்.

இவற்றுள் சட்டத்தால் விளைவிக்க இயலாதது சகோதரத்துவம். 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதனைக் கைக்கொள்வோனைத் தண்டிக்கலாம். அன்பு இல்லாதவனைத் தண்டிக்க எந்த நீதிமன்றத்தாலும் ஆகாது. அன்பு இல்லத்தில்தான் விளைய வேண்டும்.

யான் பஞ்சாலையில் பணிபுரிந்த காலத்து நிகழ்ச்சி ஒன்று. எங்கள் தெருவைக் கூட்டும் தொழிலாளியின் மகன் ஒருநாள் வாசலில் நின்று தண்ணீர் கேட்டான். எட்டு வயதினனான என் மகன் ஒரு நெளிந்த தகரக் குவளையில் கொண்டுவந்து கொடுத்தான். "நம் தம்ளரில் ஏன் கொடுக்கவில்லை?" என்று வினவினேன். "அவன் அப்பாவுக்கு நீங்கள் இதில்தானே கொடுப்பீர்கள், அப்பா?" என்றான்.

என் நா எழவில்லை. தேநீர்க் கடையில் கொட்டாங்கச்சியில் வாங்கிக் குடித்து வளர்ந்தவன் யான். நாள்தோறும் பஞ்சசீலம் ஓதுகிறவன் யான். ஆயினும் என் பிள்ளை கற்றது என் ஓதலையன்று, என் குவளையை.

சாக்கிய இளவரசர்கள் துறவு பூண வந்தபோது, உடன் வந்த நாவிதர் உபாலிக்கு முதலில் துறவு அளிக்குமாறு அவர்களே பகவானை வேண்டினர். முன்னே துறவு பூண்டவரைப் பின்னவர் வணங்க வேண்டும். அதனால் தம் குலச் செருக்கு அடங்கும் என்று எண்ணினர். மேலோன் தானே இறங்கி வணங்குதலே சகோதரத்துவத்தின் முதற்பாடம். நமக்குக் கீழே ஒருவரை வைத்துக்கொண்டு, மேலே உள்ளவரிடம் சமத்துவம் கேட்பது எங்ஙனம் முறையாகும்?

கற்பிக்கும் முறையையும் பகவானே காட்டியுள்ளார். கண்ணாடி எதற்கு என்று சிறுவனான இராகுலரைக் கேட்டார். பார்த்துக்கொள்வதற்கு என்றார் அவர். அவ்வாறே ஒவ்வொரு செயலையும் சொல்லையும் எண்ணத்தையும் முன்னும், நிகழும்போதும், பின்னும் நோக்குக. தனக்கோ பிறர்க்கோ துன்பம் தருவதாயின் விடுக என்று போதித்தார்.

இல்லந்தோறும் கைக்கொள்ள வேண்டியவை:

1. வருவோர் யாவராயினும் நாம் உண்ணும் பாத்திரத்திலேயே அளித்தல்.

2. பிள்ளைகளின் தோழர் எவரையும் எந்தச் சாதி என்று கேளாதிருத்தல்.

3. வாரம் ஒருநாள் குடும்பத்தோடு அமர்ந்து, அவ்வாரச் செயல்களை அக்கண்ணாடியில் நோக்குதல். தம் பிழையை முதலில் சொல்ல வேண்டியவர் பெற்றோரே.

அன்று மாலையே என் மகன் முன் என் பிழையை ஒப்புக்கொண்டேன். மறுநாள் அத்தொழிலாளத் தோழரை உள்ளே அழைத்து அமர்த்தி, எங்கள் தம்ளரில் நீர் கொடுத்தேன். கொண்டுவந்தவன் என் மகன். தகரக் குவளை அதன்பின் எங்கள் வீட்டில் இல்லை.

உங்கள் இல்லத்தில் அத்தகைய குவளை ஒன்று இருக்கின்றதா? இன்றே தேடிப் பாருங்கள்.

சகல ஜீவர்களும் சுகமாக வாழ்க!